வார்மரில் சூடு, முகத்தில் ஐஸ்!

செருப்பை வெளியிலேயே விட்டுடுங்க. வாட்ச், மோதிரம் பைக்குள்ளே. முழங்கை வரைக்கும் சோப்பு. ம்... இப்போ வாங்க! மதுரை பெரியாஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்குள் வந்துவிட்டோம். அந்தக் காலத்து எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை. வராந்தாவில் வயர் கூடையும் பிளாஸ்க்குமாக அப்பத்தாக்கள் காத்திருக்க, நமக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது!

ஏசி ஜில்லென்று இருக்கும் என்று வந்தால் ஏமாந்தோம். குட்டிகளுக்குக் குளிர் ஆகாதே! கவுனுக்குள் நர்ஸம்மாவின் முதுகு தெப்பமாக நனைந்திருக்கிறது. மேஜையில் பஞ்சு, சிரிஞ்சு, கேஸ் ஷீட்டு, எப்போதோ வந்து ஆடை படிந்த டீ.

எல்லோர் கண்ணும் மானிட்டரில். பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 120 முதல் 160 துடிப்பு சகஜம். வீறிட்டு அழுதால் 200-ஐத் தொட்டுவிட்டுத் தூங்கும்போது இறங்கிவிடும். 220-ஐத் தாண்டி, அழுதாலும் தூங்கினாலும் இறங்காமல் நின்றால்தான் டாக்டர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். எஸ்.வி.டி. என்கிற தறிகெட்ட இதயத் துடிப்பு! இதயத்தின் மின்சாரம், பெரியார் பஸ் ஸ்டாண்டையே சுற்றிவரும் ஷேர் ஆட்டோ மாதிரி ஒரே வட்டத்தில் மாட்டிக்கொண்டது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வரும் அம்மாவுக்குத் தெரிவதெல்லாம், "காலையிலேருந்து பாலே குடிக்கலை டாக்டர்" என்பதுதான்.

இசிஜி பேப்பர் ஓடத் தொடங்குகிறது. "ஐஸ் எங்கப்பா?"

மதுரையில் ஐஸ் என்றால் எனக்கு ஜிகர்தண்டாதான் ஞாபகம் வரும். இங்கே அது முதல் வைத்தியம்! ஐஸும் தண்ணீரும் நிரப்பிய பிளாஸ்டிக் பையை நெற்றி, கண், மூக்குத்தண்டு மேல் சில நொடிகள் வைக்கிறார்கள். மூக்குத் துவாரமும் வாயும் மூடக்கூடாது. முகம் சட்டென்று சில்லிட்டால் உடம்பே இதயத்துக்குப் பிரேக் போடும். உடம்புக்குக் கதகதப்பூட்டும் வார்மரின் சூடு, முகத்துக்கு ஐஸ். என்ன கூத்து!

மசியவில்லையா? அடினோசின். சில நொடிகளில் ரத்தத்தில் கரைந்து காணாமல் போகிற மருந்து. ஆமை வேகத்தில் செலுத்தினால் வீண். அதனால் இரண்டு சிரிஞ்சு. "ரெடியா? ஒண்ணு... ரெண்டு... போடு!" மருந்து போன கையோடு சலைன். இசிஜி கோடு ஒரு கணம் படுத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் நமக்கே மூச்சு நின்றுவிடும் போங்கள்! அப்புறம் டிக், டிக்... 144! முகக்கவசத்துக்குள் எல்லோரும் சிரிப்பதைக் கண்ணே காட்டிக்கொடுக்கிறது.

மறுபடி வராமல் இருக்க ப்ரொப்ரனலால் போன்ற மருந்தைச் சில மாதங்கள் கொடுப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தொல்லை அடங்கிவிடும்.

வராந்தாவில் அப்பத்தா டாக்டரை மடக்குகிறார். "பச்சப்புள்ள மூஞ்சியில ஐஸ வச்சீகளாமே? சளி புடிச்சா யாரு பாக்குறது?"

"நானே பாக்குறேன் அப்பத்தா. நீங்க மருந்தை மட்டும் நேரத்துக்குக் குடுங்க!"