கார் போர்ச் இறங்கினால் வீடும் இறங்குமா?

வாசற்படிக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. போர்ச்சில் விழும் மழைநீர் கால்வாய்ப் பக்கம் ஓடாமல் வீட்டுப் பக்கமே தேங்குகிறது. பினாங்கில் தரை வீடு வைத்திருக்கும் பலருக்கும் பழகிய காட்சி இது. வீடே இறங்குகிறதோ என்ற பயம் உடனே வரும். பெரும்பாலும் அப்படி இல்லை.

காரணம் மண்தான். தீவின் நடுவே கருங்கல் மலை இருந்தாலும் கிழக்குக் கரையோரத்தில் பல இடங்களில் மென்மையான களிமண்ணே உள்ளது. ஜார்ஜ்டவுனின் வெல்ட் கீ சாலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து உருவானது. அதற்கு முன் பீச் ஸ்திரீட்தான் கரை. இப்படிப்பட்ட மண்ணில் எழும் புதிய வீடுகள், ஆழத்துக் கெட்டி மண்வரை இறக்கிய பைல்கள் மீது நிற்கின்றன. போர்ச், படி, பின்பக்கத் தரை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பைல் கிடையாது. அவை கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் கிடக்கின்றன. மண் அமுங்க அமுங்க அவையும் இறங்கும்.

தீபாவளிக்கு முன் மேலே சிமெண்டு பூசி, புது ஓடு பதித்துவிடுவது நம்மவர் வழக்கம். வாசல் அழகாகிவிடும், சரிதான். ஆனால் 20 அடிக்கு 16 அடி போர்ச்சில் 2 அங்குலம் கான்கிரீட் போட்டால் சுமார் மூன்றரை டன் எடை கூடும். மூன்றுக்கும் மேற்பட்ட மைவி கார்களை எப்போதும் அங்கேயே நிறுத்திவைப்பதற்குச் சமம். தரை இன்னும் இறங்கும்.

முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மண் தாழும்போது போர்ச்சுக்கு அடியில் போகும் குழாய்கள் உடையலாம். கசியும் நீர் மண்ணை அரித்துப் பள்ளத்தைப் பெரிதாக்கும். பிளவின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு, அகலத்தையும் தேதியையும் எழுதி, சில மாதம் கழித்துப் பார்த்தால் இறக்கம் நின்றுவிட்டதா என்று தெரியும்.

நின்றுவிட்டது, தரையும் உடையாமல் இருக்கிறது என்றால், சிறு துளைகள் வழியே பாலியூரித்தேன் நுரையைச் செலுத்தித் தூக்கலாம். எடை குறைவு, அன்றே நடமாடலாம். ஆழத்துக் களிமண் இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தால் நுரையும் சேர்ந்தே இறங்கும். தரை துண்டு துண்டாகிவிட்டால் உடைத்தெடுத்து, மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, பிஆர்சி கம்பிவலை வைத்துப் புதிதாக வார்ப்பதே சரி. அப்போது தரையை வீட்டுச் சுவரோடு பிணைக்கக் கூடாது. இடைவெளி விட்டு, வளையும் பசையால் அடைக்க வேண்டும். பிணைத்தால் இறங்கும் தரை சுவரையும் இழுக்கும். போர்ச் கூரையின் தூண் சாய்ந்தாலோ, வீட்டுச் சுவரிலேயே சாய்வான பிளவு ஓடினாலோ குத்தகையாளரை விட்டுவிட்டுப் பதிவு பெற்ற பொறியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

புது வீடு என்றால் செலவு உங்களுடையதாக இல்லாமலும் போகலாம். மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். எழுத்து மூலம் புகார் செய்தால், 30 நாள்களுக்குள் அவர் பழுதுபார்க்க வேண்டும். மறுத்தால், அந்தக் காலம் முடிந்த 12 மாதங்களுக்குள் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தை நாடலாம். பிளவின் படங்களைத் தேதியோடு எடுத்துவைத்திருந்தால் அங்கே உதவும். சொந்தச் செலவில் மேலே ஓடு பதிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.