படுக்கை சுமந்த பயணிகள்

ஐம்பது வருஷத்துக்கு முன் வெளியூர் கிளம்பிய குடும்பம் படுக்கையையும் தூக்கிக்கொண்டுதான் கிளம்பியது. தடித்த கான்வாஸில் தைத்த ஹோல்டால் ஒன்று பரணில் கிடக்கும். புறப்படும் அன்று அதை இறக்கித் தூசி தட்டுவார்கள். ஜமுக்காளம், இரண்டு போர்வை, தலையணை, பக்கவாட்டுப் பையில் துண்டு, கடைசி நேரத்தில் யாரோ நீட்டும் செருப்பு என எல்லாவற்றையும் வைத்துச் சுருட்டி வாரை இழுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுக்க, இன்னொருவர் முழங்காலால் அழுத்த. சென்ட்ரலில் இறங்கியவர்களுக்கு எதிரிலேயே ராமசாமி முதலியார் சத்திரம் இருந்தது. அங்கே இடமில்லை என்றால் வால்டாக்ஸ் ரோடு லாட்ஜ். சத்திரம் என்றால் கூரையும் தண்ணீரும்தான், விரிப்பு அவரவர் பாடு.

மாதவரம் அன்றைக்கு இந்தக் கணக்கிலேயே வராத ஊர். ஏரி, மாட்டுக் கொட்டில், பால் பண்ணை, ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள், அவ்வளவுதான். ராத்தங்கிய வெளியூர்க்காரர் லாரி டிரைவராக இருந்தால் கேபினே அவருக்குப் படுக்கை. கல்யாணத்துக்கு வந்த உறவினர் என்றால் மண்டபத்துக் கூடத்தில் கோடு போட்ட பவானி ஜமுக்காளம். கை நீட்டிய இடத்தில் தலை வைத்துப் படுத்தார்கள். அதில் நேற்று யார் படுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

2018 அக்டோபரில் மாதவரம் புறநகர் பஸ் நிலையம் திறந்தபின் ஆள் நடமாட்டம் மாறிவிட்டது. நெல்லூர், காளஹஸ்தி, திருப்பதி என்று ஆந்திரா பஸ்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. மாடியை நாள் வாடகைக்கு விடும் வீடுகளும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. அந்த வீடுகளுக்கு வருகிறவர் ஒரு கைப்பையோடும் போன் சார்ஜரோடும் வருகிறார். பூட்டைத் திறந்ததும் முதலில் போர்வையைத்தான் எடுத்து முகர்ந்து பார்க்கிறார்.

ஆகவே வீட்டுக்காரருக்கு ஒரு புதுத் தலைவலி. கட்டிலில் விரித்தது போக அலமாரியில் கூடுதலாக என்ன வைப்பது? ஓட்டல் படங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே ஒரு பட்டுத்துணி, குளித்துவிட்டுப் போர்த்திக்கொள்ள ஒரு அங்கி, தடிமனான டர்க்கி டவல் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். மாதவரத்தில் இது வீண் செலவு என்பேன். சென்னைப் புழுக்கத்தில் தடித்த டவல் காலையில் நனைந்தால் ராத்திரி வரைக்கும் ஈரமாகவே தொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மறுநாளும் காயாது, வாடை வேறு அடிக்கும். ஆளுக்கு ஒரு தடித்த டவலுக்குப் பதில் இரண்டு ஈரிழைத் துண்டு வைத்தால் மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் பாடம் கேட்பது ரயில்வேயிடம். ஏசி பெட்டியில் இரண்டு விரிப்பு, உறையோடு தலையணை, கம்பளி, கைத்துண்டு என்று கட்டணத்தோடு சேர்த்தே தருகிறார்கள். மாதவரத்துக்குப் பக்கத்தில்தான், பேசின் பிரிட்ஜில், இந்த விரிப்புகளைத் துவைக்க இயந்திரச் சலவையகம் இருக்கிறது. 2020-ல் கொரோனாவுக்காக நிறுத்தியதை 2022 மார்ச்சில் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கும் முன்பே, கம்பளியை உரிய காலத்தில் துவைப்பதில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-ல் ரயில்வேயைக் கடிந்துகொண்டிருந்தார். விரிப்பை ஒவ்வொரு பயணத்துக்கும் துவைக்கலாம்; கனத்த கம்பளியை அப்படித் துவைத்தால் சீக்கிரமே நைந்துபோகும். எல்லா இடத்திலும் அழுக்கு சேரும் துணி அதுதான்.

சென்னைக் கோட்டம் 2026 ஜனவரி 1 முதல் ஏசி இல்லாத ஸ்லீப்பர் பெட்டிக்கும் காசுக்குப் படுக்கை தரப்போவதாக அறிவித்தபோது அந்தப் பட்டியலைக் கவனித்தேன். விரிப்பு மட்டும் 20 ரூபாய், தலையணையும் உறையும் 30, எல்லாம் சேர்த்து 50. கம்பளி இல்லை. சொந்தமாகச் சுமந்த ஹோல்டாலிலிருந்து இங்கே வந்து நிற்கிறோம்: எது ஒவ்வொரு ஆளுக்கும் துவைத்துத் தர முடியுமோ, அதை மட்டும் கொடு. வாடகை வீட்டுக்காரரும் கம்பளியை மறந்துவிட்டு, வாஷிங் மெஷினில் அடங்கும் சென்னிமலைப் போர்வையை ஆளுக்கு இரண்டு வைக்கலாம். ஏசி குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்று போர்த்திக்கொள்வார்கள்.

விரிப்பில் மூன்று செட் கணக்கு பழைய லாட்ஜ்காரர்களிடமும் உண்டு: கட்டிலில் ஒன்று, துவைக்கப் போனது ஒன்று, மடித்து வைத்தது ஒன்று. கரூரிலிருந்து சுமாரான பருத்தி விரிப்பு வாங்கினாலே போதும். ஓட்டல்காரர்கள் வெள்ளையை விரும்புவது ப்ளீச் போட்டுக் கறையை எடுத்துவிடலாம் என்பதால். இரும்புச்சத்துள்ள போர்த்தண்ணீர் வரும் வீட்டில் அந்த வெள்ளை சில மாதத்தில் பழுப்பாகிவிடும். மொட்டைமாடியில் காயப்போட்டால் லாரி கிளப்பும் புழுதி வேறு. கம்பெனிக்காலத்தில் துணி வெளுப்பவர்களுக்கென்றே ஒரு பேட்டை எழுந்த வடசென்னை இது. இன்று கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கும் லாண்டரிக்காரரிடம் வெண்மையை எதிர்பார்க்க முடியாது. இளநீலக் கோடு போட்ட விரிப்பு கேள்வி கேட்காமல் உழைக்கும்.

இந்த ஊருக்கென்றே ஒரு கூடுதல் துணி இருக்கிறது. திருமலையில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும் குடும்பம் ஒன்று ராத்திரி தங்க வருகிறது என்று வையுங்கள். அப்பா, பையன், கைக்குழந்தை, மூன்று தலையிலும் சந்தனம். விடிந்து பார்த்தால் மூன்று தலையணை உறையிலும் வட்ட வட்டமாக மஞ்சள். சந்தனம் காய்ந்தபின் எளிதில் போகாது. சண்டை போட்டு அபராதம் வாங்கினால் அந்தக் குடும்பம் திரும்பி வராது. அடர்நிறத்தில் நான்கைந்து பழைய துண்டைத் தலையணைமேல் போட்டுவைத்து, “சாமி கும்பிட்டுட்டு வர்றீங்களா அண்ணா, இதை விரிச்சுப் படுங்க” என்றால் அவர்களே சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தை இருந்தால் மெத்தைக்கு ஒரு ரப்பர் ஷீட், தலையணை உறை மட்டும் கட்டிலுக்கு இரட்டிப்பு எண்ணிக்கை. இவற்றுக்குத் தனியாகக் காசு கேட்பது அழகில்லை. நான்கு பேர் என்று சொல்லி எட்டுப் பேர் வந்தால் தரையில் போடும் மெத்தைக்குக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை.

எட்டில் ஒருவர் எப்படியும் கட்டில் வேண்டாம் என்பார், அநேகமாகப் பாட்டி. அவருக்கு ஒரு கோரைப்பாய். துவைக்கிற வேலை கிடையாது. ஈரத்துணியால் துடைத்து வெயிலில் நிமிர்த்தி வைத்தால் முடிந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் டிசம்பர் வரை பிளாஸ்டிக் பாய், பொங்கலுக்குமேல் கோரை.