திண்ணையும் பெட்டிச் சாவியும்

சங்ககிரி லாரிப் பட்டறை ஓரத்துத் தேநீர்க் கடையில் ஓட்டுநர் ஒருவர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "எதைத் தொட்டாலும் செயலியை இறக்கு, செயலியை இறக்குங்குது. இறக்கித்தான் ஆகோணுங்களா?" என்று கேட்டார்.

சரக்கு இறக்குவது அவருக்குப் பழகிய தொழில். ஆனால் இந்தச் சரக்கை இறக்கச் சொல்பவன் எவன், அவனுக்கு அதிலே என்ன ஆதாயம் என்ற ஐயம் அவருக்குப் பிறந்ததே, அது நியாயமான ஐயம்!

இணையதளம் சந்தை. போகிறோம், விலை கேட்கிறோம், பிடித்தால் வாங்குகிறோம், திரும்புகிறோம். செயலியோ விருந்தாளி. திண்ணையிலே அமர்வார், தண்ணீர் கேட்பார், பிறகு பெட்டிச் சாவி எங்கே என்பார்! தொடர்பு எண்களைக் காட்டு, இருக்குமிடம் சொல், படங்களைத் திற என்று அடுக்கடுக்காய்க் கேட்பார். நாமும் படித்துப் பாராமலே தலையாட்டுகிறோம். தளமும் வேவு பார்க்கும், மறுக்கவில்லை. ஆயினும் உலாவி கிழித்த கோட்டுக்குள் நின்றுதான் பார்க்கும்.

வாங்குபவனைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள விற்பவனுக்கு ஆசை. 2015 மே மாதம், மிந்த்ரா என்னும் துணி வணிக நிறுவனம் தன் இணையதளத்தையே இழுத்து மூடிற்று. செயலி இருந்தால் வா, இல்லையேல் போ என்றது! வந்தார்களா எல்லோரும்? 2016 சூன் முடிவதற்குள் கைப்பேசித் தளம், கணினித் தளம் இரண்டையும் அதுவே திறந்துவைத்தது.

அது வணிகம், போகட்டும். கடன் செயலிகள் செய்தது என்ன? அவசரத்துக்கு ஐயாயிரம் வாங்கியவனின் தொடர்புப் பட்டியலை அள்ளிக்கொண்டு, மாமனுக்கும் மைத்துனனுக்கும் பேசி மானத்தை ஏலம் போட்டன. ரிசர்வ் வங்கியின் குழு 2021இல் கண்டது: சுமார் 1,100 கடன் செயலிகள், அவற்றுள் 600 சட்டத்துக்குப் புறம்பானவை! தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் தொடாதே என்று 2022 செப்டம்பரில்தான் வங்கி விதி வகுத்தது.

அப்படியானால் செயலியே ஆகாதா? யார் சொன்னது? தொப்பூர்க் கணவாயில் அலைவரிசை அறுந்தாலும், முன்பே இறக்கிவைத்த வரைபடம் வழிகாட்டும். வண்டிச் சான்றுகளை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டலாம் என்று 2018லேயே அரசு அறிவித்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கத்து உழவர், வானிலையும் சந்தை விலையும் நாள்தோறும் பார்ப்பவரானால், அதே ஆண்டு வந்த உழவன் செயலியை வைத்துக்கொள்ளட்டும். நாள்தோறும் வேலை செய்பவனுக்கு வீட்டிலே இடம் கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் நாமக்கல் முட்டை விலை? ஒரே ஓர் எண்! தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் தளத்திலே ஒரு பக்கத்தில் கிடக்கிறது. எப்போதோ ஒருமுறை எடுக்கும் பட்டா, சிட்டாவுக்கும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் மின்கட்டணத்துக்கும் நிரந்தரக் குடித்தனக்காரர் எதற்கு? முகவரியைச் சரிபார்த்துத் தளத்துக்குப் போய்வந்தால் போதாதா?

ஓட்டுநரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலே ஏபிகே கோப்பு ஒன்று வந்து கிடந்தது. போலிகள் வழக்கமாக வரும் வழி அது. நல்லவேளை, இன்னும் திறக்கவில்லை. அழிக்கச் சொன்னோம், அழித்தார். கூடவே, எப்போது வந்தன என்று அவருக்கே நினைவில்லாத நான்கு செயலிகளையும் அவரே நீக்கினார். தேநீருக்குக் காசு கொடுக்க நம்மை விடவில்லை.