ஓலைக்காற்றாடியும் கிளித்தட்டும் ஏன் ஒரே திடலில் வேண்டும்?

கைவினைப் பயிற்சி என்றால் ஒன்று பிழைப்புக்கு, இல்லாவிட்டால் விடுமுறைப் பொழுதுபோக்குக்கு என்றுதான் நினைக்கிறோம். மரபு விளையாட்டுகளோ பொங்கல் விழாவோடு முடிந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே திடலில், எல்லாத் தெருப் பிள்ளைகளையும் சேர்த்து, வாரந்தோறும் நடத்த வேண்டும் என்கிறேன். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் அதற்கு ஏற்ற இடம். விக்கிரவாண்டிப் பக்கமும் மரக்காணம் பக்கமும் பனை இன்னும் நிற்கிறது, ஏறத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். விழுப்புரத்தை ஒட்டிய அய்யூர் அகரத்தில் மண்ணிலும் காகிதக்கூழிலும் பிள்ளையார் செய்யும் கைகள் உண்டு.

கைவினையையும் விளையாட்டையும் சேர்த்துப் பேசக் காரணம், பிள்ளைகளின் உலகில் அவை ஒருபோதும் பிரிந்திருக்கவில்லை என்பதுதான். சுரண்டித் தின்ற நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கொம்பால் தள்ளினால் அது வண்டி. ஓலைக்காற்றாடிக்கு இரண்டு கீற்றும் ஒரு கருவேல முள்ளும் போதும். கீற்றுகளைக் குறுக்கே மடித்துப் பின்னி, நடுவில் முள்ளைக் குத்தி, முள்ளின் மறுமுனையைச் சோளத்தட்டையில் செருக வேண்டும். துளை இறுகினால் சுற்றாது, அகன்றால் கழன்று விழும். சரியாகச் செய்தோமா என்பதைக் காற்றே சொல்லிவிடும், மதிப்பெண் போட ஆள் வேண்டாம். கிளித்தட்டுக்கு அதுகூடத் தேவையில்லை. காலால் கோடு கிழித்தால் களம் தயார். ஆனால் கோட்டைக் காப்பவரும் கிளியும் எதிரணியும் ஒரே விதியை ஒப்புக்கொள்ளாமல் ஆட்டம் நகராது. சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் பயிற்சி, பெரியவர் ஊதும் விசிலில் கிடைப்பதில்லை.

கூடிச் செய்யும் கைவேலை என்ன செய்யும் என்பதற்கு இந்த வட்டாரக் கடற்கரையே சான்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லின் ‘உபாசனா’ நிறுவனம் சுற்றியுள்ள மீனவக் கிராமப் பெண்களை அழைத்து, தையலில் மிஞ்சிய துண்டுத்துணியில் விரலளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மை விற்பனைக்கு வைக்கப்படவில்லை, அன்பளிப்பாகவே நாடு கடந்து போனது. கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்கள் ஒன்றாக உட்கார ஒரு காரணம் கிடைத்ததே அதில் பெரிது என்று கருதுகிறேன்.

இந்த யோசனைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் எழக்கூடிய கேள்விகளில் கனமானது குலக்கல்வி பற்றியது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலுக்கு அனுப்பியது. கொதிப்பு அடங்காமல் ராஜாஜி விலக, 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை ஏற்காமல், தமிழ்நாடு 2025இல் 35 வயது கடந்தவர்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியதன் பின்னணியும், குலத்தொழிலையே பிள்ளைகள் மீது சுமத்திவிடுமோ என்ற இதே அச்சம்தான். அந்த அச்சம் நியாயமானது, அதை எவரும் தள்ளிவிடக் கூடாது. அதனால்தான் பயிற்சி பள்ளி நேரத்துக்கு வெளியே, விரும்பி வருகிறவருக்கே இருக்க வேண்டும். குயவர் வீட்டுப் பிள்ளைக்கு மண்ணைக் கொடுப்பதில் புதிதாக எதுவுமில்லை. ஆசிரியர் மகளும் வங்கி ஊழியர் மகனும் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, எத்தனை முறை பானை சரிகிறது என்று பார்க்கும்போதுதான் அந்த உழைப்புக்கு உரிய மதிப்பு புரியும்.

‘அந்தக் காலத்தில் எல்லோரும் கூடி விளையாடினோம்’ என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. கிட்டிப்புள் பையன்களுக்குத் தெருவில், பல்லாங்குழி பெண்களுக்குத் திண்ணையில் என்றுதான் இருந்தது. ஊரும் காலனியும் ஒரே களத்தில் ஆடியது அரிது. வழிபாட்டு உரிமைத் தகராறில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். ஆகவே எல்லோருக்குமான திடல் இங்கே பழைய வழக்கம் அல்ல, இனிமேல் உண்டாக்க வேண்டிய ஒன்று. அது எந்தத் தெருவில் அமைகிறது, அங்கே யார் கற்றுத்தருகிறார் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

படிப்புக் கெடுமே என்பார்கள். கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில். தன்னார்வலர்கள் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளை மாலையில் வீட்டருகே கூட்டி, ஆடல் பாடல் விளையாட்டு வழியாகவே பாடம் சொன்னார்கள். விளையாட்டு படிப்புக்குப் பகை என்று அந்தத் திட்டமே நினைக்கவில்லை. செலவும் அதிகமில்லை. குருத்தோலை வெட்டப் பனை ஏறுகிறவருக்கும், முடையக் கற்றுத்தரும் அம்மாவுக்கும் மணிக்கணக்கில் கூலி தர வேண்டும். பாரம்பரியத்தின் பெயரால் அவர்களிடம் இலவச உழைப்பைக் கேட்பது தவறு. ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராமசபையில் இந்தக் கூலியையும் திடலையும் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.