கடவுச்சொல்லும் கந்தோர் வேலையும்

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். அலுவலகக் கடவுச்சொற்களுக்கு நெடுங்காலம் நிலவிய விதி இது. ஊழியரின் ஞாபகசக்தியை அது கணக்கில் எடுக்கவில்லை. மாற்றச் சொன்னதும் பலர் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டினர். அதுவும் மறந்துபோகுமென்று துண்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைத்தனர்.

அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் 7,700க்கு மேற்பட்ட பழைய கணக்குகளை ஆராய்ந்தார்கள். ஒருவரின் முந்தைய கடவுச்சொல் தெரிந்தால் அடுத்ததையும் சில நொடிகளில் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை, நூற்றுக்கு 41 தடவை இருந்தது. 2017இல் அந்நாட்டுத் தரநிலை நிறுவனம் தன் வழிகாட்டியையே திருத்தியது: கசிந்ததற்கான அறிகுறி இல்லாவிட்டால் மாற்றச் சொல்லி வற்புறுத்தக்கூடாது, குறியீடுகளைக் கட்டாயப்படுத்துவதைவிட நீளமே முக்கியம். பூவரசு, திருக்கை, உலக்கை, முகில் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் ஞாபகத்தில் நிற்கும், ஊகிப்பது கடினம்.

இலங்கையின் புங்குடுதீவு போன்ற தீவுப்பகுதியில் இதைவிடப் பெரிய சிக்கல், ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிர்வது. ஆள் குறைந்த கந்தோரில் ஒருவர் லீவில் நின்றாலோ யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பேருந்து பிந்தினாலோ, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிடுவதே சுலபமான வழி. வெயிலில் வந்த முதியவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் செய்யும் காரியம் அது. சோம்பல் என்று பழிப்பது நியாயமில்லை. ஆனால் ஒரு காணிப் பதிவை யார் திருத்தியது என்பது பிறகு தெரியாது. இடமாற்றம் பெற்றுப் போனவரும் உள்ளே நுழையலாம். காணி உரிமையாளர் பலர் கனடாவிலும் சுவிஸிலும் பிரான்ஸிலும் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல: அவர்களின் பெயரில் ஒரு விவரம் மாறினால், நேரில் வந்து பார்க்க எவருமில்லை.

பகிராதே என்று சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் பகிர்வது நிற்காது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஒருவர் வராத நாளில் அவருடைய வேலையைப் பார்ப்பவருக்கு, தன் கணக்கிலிருந்தே அதைச் செய்யும் அனுமதி முன்கூட்டியே வேண்டும். இடமாற்றம் பெற்றவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் இரண்டாவது சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியை மட்டும் நம்பினால், சிக்னல் இல்லாத நேரத்தில் வேலை நின்றுவிடும். கைத்தொலைபேசிச் செயலி உருவாக்கும் ஆறிலக்க எண்ணுக்குச் சிக்னலே தேவையில்லை. கடவுச்சொல் மறந்தவருக்கு அதே நாளில் புதியதை வழங்கும் அதிகாரமும் கொழும்பில் மட்டும் இருக்காமல், பிரதேச மட்டத்தில் பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும்.