குமரி மாவட்டத்தைக் காணச் செல்வோர்க்கு

தமிழகத்தின் தென்கோடியிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. இச்சிறு நிலப்பகுதிக்குள் மலையும் காடும் வயலும் கடற்கரையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடாகும். காலையில் பேச்சிப்பாறை அணையருகே காட்டைக் கண்டவர், மாலையில் முட்டத்துப் பாறைகளில் நின்று கடலைக் காணலாம். இக்காட்சிகளுக்குப் பின்னே உள்ள இயற்பியலைச் சிறிது தெரிந்துகொண்டு செல்வது கண்ணுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

கடலில் மறையும் கதிரவன்

குமரி முனையில் கதிரவன் ஆண்டு முழுவதும் கடலிலேயே மறைவதாகப் பலர் எண்ணுகின்றனர். டிசம்பரில் அது நேர் மேற்கிலிருந்து சுமார் 23 பாகை தெற்கே விலகி மறைகிறது. அத்திசையில் திறந்த கடல் உள்ளது. ஜூனிலோ அதே அளவு வடக்கே விலகி மறைகிறது. கடற்கரை முனையிலிருந்து மேற்கே சென்று வடமேற்காக வளைவதால், அப்போது கதிரவன் நிலத்துக்குப் பின்னே மறையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை செல்வது நன்று.

காற்றின் வாசல்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் சீறிப் பாய்கிறதல்லவா? அதுபோலவே தென்மேற்குப் பருவக்காற்று இம்மலை இடைவெளியில் நெருக்குண்டு விரைகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதில் அடங்கிய திறன் எட்டு மடங்காகும். முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதன் காரணம் இதுவே.

கருமணல்

மணவாளக்குறிச்சிக் கரையில் மணல் கறுத்தும் சிவந்தும் இருப்பதைக் காணலாம். அலை, இலேசான மணலை அடித்துச் சென்று கனமான தாதுக்களை விட்டுச் செல்கிறது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். 1909-இல் இங்கே கண்டறியப்பட்ட மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது.

கள்ளக்கடல்

இனிக் கூறப்போவதே மிக இன்றியமையாதது. இங்கே காற்று அடங்கி, வானம் தெளிந்திருக்கும் நாளிலும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவதுண்டு. திருடனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் மீனவர் இதனைக் கள்ளக்கடல் என்பர்.

இதன் பிறப்பிடம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயல்கள். அங்கே எழும் நீண்ட அலைகள் தம் ஆற்றலை அதிகம் இழக்காமல் வடக்கே வருகின்றன. ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் அலைவு நேரத்தைப் பொறுத்தது. அலைவு நேரம் 18 நொடியானால் முகடு மணிக்குச் சுமார் 100 கி.மீ. விரையும்; ஆற்றலோ அதில் பாதி வேகத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கி.மீ. நகரும். ஆழம் குறைந்த கரையை நெருங்கும்போது அலை வேகம் குறைந்து உயர்கிறது. மணல்மேட்டில் வெகுதூரம் ஏறி, திரும்பும்போது நிற்பவரை இழுத்துச் செல்கிறது.

2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் இவ்வாறு உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாள் அது.

அலை வந்து சேரப் பல நாளாகும் என்பதால்தான் முன்னறிவிப்பும் இயலுகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படுமுன் அதனைப் பாருங்கள். கரைக்கு வந்ததும் மீனவரைக் கேளுங்கள். பின் கடிகாரத்தை எடுத்து, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பத்துப் பதினைந்து முறை அளந்து பாருங்கள். அது 15 நொடியை நெருங்கினால் காலையும் நனைக்க வேண்டா. இடைவெளி குறைவாக இருப்பினும், மீனவர் போகாதே என்றால் போகாதீர்கள். குமரிக் கடலைப் பாறைமேல் நின்று பார்த்தாலும் அழகு குறைவதில்லை.