முன்மரம் ஒரு காற்றுக்கு, பின்மரம் ஒரு காற்றுக்கு

1938 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்கு 89 அடி நீளமுள்ள பாய்க்கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய 'அன்னபூரணி' அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, மனைவி பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றியிருந்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் அதில் வந்தார்கள்.

அதற்கு இரண்டே பாய்மரங்கள். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. முன்மரத்தில் குறுக்குவாட்டில் பருமல் எனும் கட்டைகளைக் கட்டி, அவற்றில் சதுரப் பாய்களைத் தொங்கவிடுவார்கள். பின்மரத்துப் பாயோ கப்பலின் நீளவாட்டில் நிற்கும். இந்த வகைக்கு பிரிகன்டைன் என்று பெயர். இரண்டு மரத்திலும் நீளவாட்டுப் பாய்களே என்றால் அது ஸ்கூனர். இரண்டிலும் சதுரப் பாய் என்றால் பிரிக்.

சதுரப் பாய் பின்காற்றுக்கு ஏற்றது. காற்று முதுகில் அடித்தால் போதும், கப்பலைத் தள்ளிக்கொண்டு போகும். எதிர்காற்றில் அதன் பாடு திண்டாட்டம். அங்கேதான் நீளவாட்டுப் பாய் கைகொடுக்கிறது. வளைந்து நிற்கும் அந்தப் பாயைச் சுற்றி ஓடும் காற்று, விமான இறக்கையைத் தூக்குவதுபோல அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நீருக்குள் இருக்கும் அடிப்பகுதி பக்கமாக நகரவிடாமல் தடுப்பதால் கப்பல் முன்னோக்கிப் போகிறது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்க்கப்பலும் போகாது. சுமார் 45 பாகைக்கு மேல் நெருங்கினால் பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கிவிடும். சுக்கான் பிடிப்பவரின் கண் அந்த விளிம்பிலேயே இருக்க வேண்டும். அது துடித்தால் உடனே சற்று விலக்கி, இடமும் வலமுமாக மாறிமாறி முன்னேற வேண்டும்.

அன்னபூரணி போன வழியை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். செங்கடலின் வடபாதியில் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும். சூயஸுக்குப் போகிறவர்களுக்கு அது எதிர்காற்று. ஜிப்ரால்டரைத் தாண்டித் தெற்கே இறங்கினால் அட்லாண்டிக்கின் வடகிழக்கு வியாபாரக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டு போகும். அங்கே சதுரப் பாய்க்குத்தான் வேலை.

ஆள்கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. சதுரப் பாயைச் சுருட்டப் பருமல்மேல் ஏறியாக வேண்டும், ஆடும் கடலில், இருட்டிலும் மழையிலும். நீளவாட்டுப் பாயைத் தளத்தில் நின்றே கயிற்றால் இறக்கலாம். சதுரப் பாயை முன்மரத்தோடு நிறுத்திக்கொண்டதால்தான் இத்தகைய கப்பலைச் சிறு குழுவால் ஓட்ட முடிந்தது.